தட்டில் வைத்துக் கொடுத்தது

சாமி முன்னாடி தட்டுல வச்சுக் குடுத்ததை மறுநாளே வந்து திருப்பிக் கேக்கலாமா அக்கா, நீங்களே சொல்லுங்க?

முதல்ல உள்ள வாங்க. வாசல்ல நின்னு பேசுற விஷயமா இது? செருப்பு அங்கயே கிடக்கட்டும், நாய் தூக்காது, அது சோம்பேறி. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. இந்த வெயில்ல ஏரிக்கரை மேல நடந்தா வந்தீங்க? அண்ணன்கிட்ட சொன்னா ஆட்டோவுல ஒரு எட்டு இறக்கி விட்டிருப்பாரே. ஓ, அண்ணனுக்குத் தெரியாதா? சரி சரி. நான் வாய் திறக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரும் உங்க வீட்டுக்காரரும் ஒரே ஸ்டாண்டுல லோடு ஆட்டோ ஓட்டுறவங்கதான், ஆனா நாம இங்க பேசுறது அங்க போகாது. மோர் குடிங்க. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், என் கை அப்படி.

நேத்து நீங்க இருந்திருக்கணும் அக்கா. நூறு நாள் வேலைக்குப் போயிட்டீங்களாம். அண்ணன் குளிச்சு, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. உங்க ஹேமாவோட டி.சி., பத்தாவது மார்க் ஷீட், பதினொண்ணாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட், எல்லாம் ஒரிஜினல். நான்தான் தட்டு எடுத்துக் குடுத்தேன். வெத்தலை பாக்கு பழம் வச்சு, அது மேல கவரை வச்சு, இந்த சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, “என் பொண்ணை உன் கையில ஒப்படைக்கிறேன் தாயி”ன்னு குடுத்தாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

இன்னைக்கு நீங்க வந்து, “ரேணுகா, அந்தக் கவரைக் குடுத்துடு”ன்னா நான் என்ன பண்றது?

கற்பகம் அத்தை சொன்னாங்களா? சந்தையில பாத்தீங்களாக்கும். நினைச்சேன். அந்த அம்மா இப்ப காய் வாங்கப் போறதே என்னைப் பத்திப் பேசத்தான். ஒரு கிலோ கத்திரிக்காய்க்கு ஒரு மணி நேரம் என் கதை. பரவாயில்லை. அவங்க சொன்னதைக் கேட்டுட்டீங்க, நான் சொல்றதையும் கேளுங்க. அப்புறம் நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

நான் பெரிய படிப்பு படிச்சவ இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ வரைக்கும். அதுக்கு மேல படிக்க ஆசைதான். எந்தக் காலேஜ், என்ன படிப்பு, எங்க போய்க் கேக்கணும்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஆளா நான் இருக்கணும்னுதான் காலேஜுக்குப் பிள்ளைங்களைச் சேத்து விடுற இந்த வேலைக்கே வந்தேன். காலேஜ்காரங்க கோடை லீவுல கல்யாண மண்டபத்துல ஒரு மீட்டிங் போடுவாங்க. சுத்துப்பட்டு ஊர்ல இருந்து என்னை மாதிரிப் பொம்பளைங்க நிறையப் பேரு. பிரியாணி போட்டு, ஆளுக்கு ஒரு பை குடுத்து, மேனேஜர் சார் மைக்ல பேசுவாரு. “பிள்ளைங்க மனசு நிலையா நிக்காது. இன்னைக்கு இந்தக் காலேஜ்னு சொல்லும், நாளைக்கு அந்தக் காலேஜ்னு சொல்லும். அதனால முதல்ல ஒரிஜினலை வாங்கிடுங்க. ஒரிஜினல் வந்துட்டா பிள்ளை வந்த மாதிரி.” எவ்வளவு அழகா சொல்றாரு பாருங்க. அப்புறம் இன்னொண்ணு சொல்வாரு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். “எந்தக் காலேஜா இருந்தாலும் நாம அதைப் பயன்படுத்திக்கிறதுலதான் இருக்கு.” உண்மைதானே? நான் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்வேன். கேட்டுட்டுத் தலையாட்டாத ஆளே கிடையாது.

எனக்குச் சம்பளம்னு எதுவும் இல்லை அக்கா, யாராவது கமிஷன்னு சொன்னா நம்பாதீங்க. அந்தக் காலேஜ் காம்பவுண்டுக்குள்ளயே ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் இருக்கில்ல, அங்க எம் பையன் யஷ்வந்த் யூ.கே.ஜி. நான் வருஷா வருஷம் பிள்ளைங்களைச் சேத்து விடுற வரைக்கும் அவனுக்கு ஃபீஸ் கிடையாது. வேன் வீட்டு வாசலுக்கே வரும். தண்ணி வேணும்னா “வாட்டர்”னு கேக்கறான், கேட்டீங்களா? எங்க மாமியாருக்குப் புரியாம சொம்பைத் தூக்கிட்டு நிப்பாங்க. பாக்கவே சிரிப்பா இருக்கும்.

காலேஜ் பாக்குறதுன்னா நான் பாத்து வச்ச மாதிரி ஊர்ல ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. எல்லாரும் பில்டிங்கைப் பாப்பாங்க. நான் நேரா பாத்ரூமுக்குப் போவேன். குழாயைத் திறந்தா தண்ணி வருதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா. அப்புறம் காம்பவுண்டுச் சுவரு எவ்வளவு உசரம். வார்டன் அம்மா முகம் எப்படி. சாம்பாரை ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பாப்பேன். இதெல்லாம் எந்தப் பேப்பர்லயும் போட மாட்டாங்க. நாமதான் பாக்கணும். பெத்தவங்களை வேன்ல கூட்டிட்டுப் போய் இதெல்லாம் காட்டுவேன். கீழ வரவேற்புல பெரிய மீன் தொட்டி இருக்கும், ஆம்பளைங்க எல்லாம் அது முன்னாடி நின்னுடுவாங்க. லிப்ட்ல ஒரு தடவை ஏத்தி இறக்கினா போதும், பாதி வேலை முடிஞ்சிடும்.

போன வருஷம் மோனிஷாவையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன். கற்பகம் அத்தை பொண்ணு. எங்க வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை பச்சையப்பன் மாமா, அவரோட ஒரே மக. எனக்கு நாத்தனார் மாதிரி. என்னை அண்ணி அண்ணின்னுதான் கூப்பிடும். நல்ல மார்க்கு. பள்ளிக்கூடத்துலயே அதுதான் முதல். நர்சிங்தான் படிப்பேன்னு ஒத்தைக் கால்ல நின்னுது. நான் அதுக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நம்ம காலேஜ்ல புதுசா நர்சிங் அந்த வருஷம்தான் ஆரம்பிக்கிறாங்க. சொல்லி வச்ச மாதிரி.

வேன்ல போறப்ப எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போறோம். உள்ள போய் லேபைக் காட்டினாங்க. கட்டில் மேல பொம்மை படுத்திருக்கு, கையில ஊசி, குளுக்கோஸ் பாட்டில். கற்பகம் அத்தை அதைப் பாத்துட்டு, “ஐயோ பாவம், யாருடி இது?”ன்னாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மோனிஷா மட்டும் சிரிக்கலை. சுத்தி முத்தியும் பாத்துட்டு மேனேஜர் சாரைக் கேக்குது, “ஆஸ்பத்திரி எங்க சார்?”

“எந்த ஆஸ்பத்திரிம்மா?”

“நர்சிங் காலேஜ்னா சொந்தமா ஆஸ்பத்திரி இருக்கணும்ல சார்? நாங்க எங்க பிராக்டிகல் பண்றது?”

சார் கோவிச்சுக்கவே இல்லை. ஜன்னல் வழியாக் கையைக் காட்டினாரு. “அதோ, கட்டிக்கிட்டிருக்கோம்.” பாத்தா வெறும் தூணுங்க. நடுவுல ஆடு மேயுது. நான் சும்மா இருப்பேனா? “ஏன்டி, நீ படிக்க வந்தியா, இல்லை படுக்க வந்தியா?”ன்னேன். மறுபடியும் எல்லாரும் சிரிச்சாங்க. அது ஒரு மாதிரி என்னைப் பாத்துது. கேள்வி கேக்குற பிள்ளைங்ககிட்ட இதான் கஷ்டம் அக்கா. நம்பிக்கை வராது.

தட்டு விஷயம் சொன்னேன்ல, அது என் யோசனைதான். காலேஜ்காரங்களுக்கு அதெல்லாம் தோணாது. நான் வேலைக்கு வந்த முதல் கோடையில என்ன ஆச்சுன்னா, நான் வீடு வீடா அலைஞ்சு வாங்கிக் குடுத்த ஒரிஜினலை, பத்து நாள் கழிச்சு அப்பனுங்க வந்து, “வேற இடம் பாத்துட்டோம்”னு சாதாரணமா கேட்டு வாங்கிட்டுப் போயிட்டானுங்க. கடையில துணி மாத்துற மாதிரி. மேனேஜர் சார் என்னைப் பிடிபிடின்னு பிடிச்சாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அப்பதான் எனக்குப் பேசி முடிச்ச கதை ஞாபகம் வந்துச்சு. தட்டு மாத்துன மறுவாரமே எங்கப்பாவுக்கு இன்னொரு இடம் வந்துச்சு அக்கா. மில்லுல சூப்பர்வைசர், சொந்த வீடு, என்னை மேல படிக்க வைக்கிறேன்னு வேற சொன்னாங்களாம். எங்கம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. எங்கப்பா ஒரே வார்த்தை. “தட்டு மாத்தியாச்சு.” முடிஞ்சுது. அதனாலதான் நான் இங்க இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன், அதைச் சொல்ல வரலை. நம்ம சனத்துக்கு ஒரு பொருளைச் சும்மா குடுத்தா அது பேச்சு, தட்டுல வச்சுக் குடுத்தா அது வாக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். காலேஜ் கேட்டைத் தாண்டுனதும் பிள்ளையார் கோயில் இருக்கு. அங்க ஒரு ஐயரை வச்சு, அப்பா கையாலேயே தட்டுல ஒரிஜினலை வச்சுக் குடுக்கச் சொல்லுங்க, அம்மாவும் பொண்ணும் பின்னாடி நிக்கட்டும், அர்ச்சனை பண்ணி வாங்கிக்குங்கன்னு. சேர்மன் ஐயாவுக்கே பிடிச்சுப் போச்சு. மீட்டிங்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போத்தினாங்க. அதுக்கப்புறம் திருப்பிக் கேக்க வந்த ஆம்பளைங்களே கிடையாது. இந்த வருஷம் இன்னும் பக்குவமா பண்றோம். வீட்டுல ஒரு தட்டு, வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னாடி ஒரு தட்டு.

போன வருஷம் பச்சையப்பன் மாமா அன்னைக்கு எப்படி நின்னாருங்கறீங்க! பட்டு வேட்டி. பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்குற மாதிரி ரெண்டு கையாலயும் தட்டை நீட்டினாரு. மோனிஷா பின்னாடி நின்னு, “அப்பா, ஜெராக்ஸ் குடுத்தா போதாதா?”ன்னு மெதுவாக் கேட்டுது. அவரு திரும்பிப் பாத்த பார்வையில வாயை மூடிக்கிச்சு. சாமி முன்னாடி ஜெராக்ஸா வைப்பாங்க?

அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு வினை.

அந்தப் பொண்ணு யாருகிட்டயும் சொல்லாம இ-சேவை மையத்துல போய் கவர்மென்ட் கவுன்சிலிங்குக்கும் பதிஞ்சு வச்சிருக்கு. இங்க கிளாஸ் ஆரம்பிச்சு, யூனிபார்ம் தைச்சு, ஹாஸ்டல்ல சேந்து எல்லாம் ஆனப்புறம், கவர்மென்ட் நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்குன்னு போன்ல மெசேஜ். எனக்குத்தான் முதல் போன். அழுகையும் சிரிப்புமா, “அண்ணி, எனக்கு கவர்மென்ட்ல கிடைச்சிடுச்சு அண்ணி. பெரியாஸ்பத்திரியோட சேந்த காலேஜ். ஃபீஸே இல்லாத மாதிரிதான். ஒரிஜினலோட வந்து சேரணும்னு தேதி போட்டிருக்காங்க. நீங்கதான் வாங்கிக் குடுக்கணும்”னு சொல்லுது.

நான் மாட்டேன்னு சொன்னேனா? கற்பகம் அத்தை உங்ககிட்ட இதைச் சொல்லியிருக்க மாட்டாங்களே. நான்தான் அவங்க மூணு பேரையும் கூட்டிட்டுப் போனேன். என் யஷ்வந்தை மாமியார்கிட்ட விட்டுட்டு, வேலையெல்லாம் போட்டுட்டு.

மேனேஜர் சார் டீ வரவழைச்சுக் குடுத்தாரு. மோனிஷா டீயைத் தொடலை. “சார், ஒரிஜினலைக் காலேஜ்ல வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு சார்”னு ஆரம்பிச்சுது. நான் தொடையில கிள்ளினேன். பெரியவங்ககிட்டப் பேசுற பேச்சா அது? சார் சிரிச்சுட்டாரு. “நீ சட்டம் படிக்கப் போயிருக்கலாமேம்மா”ன்னாரு. அப்புறம் மாமாவைப் பாத்து, “நான் என்ன பொண்ணுகிட்டயா வாங்கினேன்? உங்க கையில வாங்கினேன். நீங்க கேளுங்க, இந்த நிமிஷம் குடுத்துடறேன். வாங்க”ன்னு எழுந்து முன்னாடி போறாரு. நாங்க பின்னாடியே போறோம். எங்க கூட்டிட்டுப் போறாருன்னு பாத்தா, பிள்ளையார் கோயிலுக்கு.

“இங்கதானே குடுத்தீங்க? இங்கயே நின்னு கேளுங்க. உங்க வாயால ஒரு தடவை கேட்டா போதும்.”

ஐயரு கற்பூரம் வேற ஏத்திட்டாரு.

மாமா நிக்கிறாரு. துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு, அவிழ்த்தாரு. பிள்ளையாரைப் பாக்குறாரு, கீழ பாக்குறாரு. மோனிஷா அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, “கேளுப்பா. ஒரு வார்த்தைப்பா. எனக்குன்னு நீ எதுவும் செய்ய வேணாம்ப்பா, இதை மட்டும் கேளுப்பா”ங்குது. கற்பகம் அத்தை முன்னாடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. மாமா, “நீ சும்மா இருடி. குடுத்தவன் நான்”னு அதட்டிட்டாரு. அந்த அம்மா அப்படியே பின்னாடி போயிட்டாங்க. கற்பூரம் எரிஞ்சு அணைஞ்சுது. மாமா கன்னத்துல போட்டுக்கிட்டு அப்படியே திரும்பி வெளிய நடந்துட்டாரு.

நல்ல மனுஷன் அக்கா. வாக்கு தவறாதவரு. இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்காங்க? எங்கப்பா ஞாபகம் வந்துச்சு எனக்கு.

மோனிஷா அந்தக் கோயில் படியிலயே உக்காந்துடுச்சு. நான் பக்கத்துல உக்காந்து, “எந்தக் காலேஜா இருந்தாலும் நாம அதைப் பயன்படுத்திக்கிறதுலதான் இருக்குடி”ன்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். மேனேஜர் சார் போறப்ப என்னைத் தனியாக் கூப்பிட்டு, “யஷ்வந்த் நல்லாப் படிக்கிறானாம்மா?”ன்னாரு. அவ்வளவு வேலையிலயும் எம் பையன் பேரை ஞாபகம் வச்சுக் கேக்குறாரு பாருங்க. “நல்லாப் படிக்கிறான் சார்”னேன். “பாத்துக்க”ன்னாரு.

மறுபடி ரெண்டு தரம் அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சு. “அண்ணி, நீங்க ஒருதரம் தனியாக் கேட்டுப் பாருங்களேன், நீங்க சொன்னா கேப்பாங்க”ன்னு. நான் எப்படிக் கேக்குறது? குடுத்தவரே கேக்கலை. அந்தத் தேதியும் போயிடுச்சு.

சரி, போனது போச்சு, இருக்கிறதை வச்சுப் படிக்கலாம்ல? படிச்சுது, இல்லைன்னு சொல்லலை. நர்சிங்குக்குன்னு வர வேண்டிய டீச்சருங்க வரலை, ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிற மிஸ்ஸே வந்து பாடம் எடுத்தாங்க. பிராக்டிகலுக்கு வேன்ல ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு அனுப்புவாங்க. அங்க தரை துடைக்கிறது, பெட்பேன் கழுவுறது, துணி மடிக்கிறது. அதைப் போய்க் குறை சொல்லிக்கிட்டு அழுதா எப்படி? நான் எத்தனை பேருக்குப் பீ மூத்திரம் அள்ளியிருக்கேன். அதுவும் ஒரு படிப்புதான். ஆளு இளைச்சுப் போச்சு, அது வாஸ்தவம். பொங்கலுக்கு வந்தப்ப பாத்தேன், யூனிபார்ம் தோள்ல நிக்கலை. அப்பாகூடப் பேச்சு இல்லை. சோத்தைப் போட்டுத் தட்டை முன்னாடி வச்சுட்டுப் போயிடுமாம்.

அப்புறம் பரீட்சை வந்துச்சு. ஹால் டிக்கெட் வரலை.

அது காலேஜ் தப்பு இல்லைக்கா, மேலிடத்துல அனுமதி வர்றதுக்குத் தாமதம். ஆஸ்பத்திரி இல்லைன்னு நிறுத்தி வச்சுட்டாங்களாம். ஒரு வருஷம் படிச்சது கணக்குல இல்லைன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் ஹாஸ்டல் படிக்கட்டுல பெட்டியோட உக்காந்திருந்துச்சுங்க. ஒரிஜினலை மட்டும் குடுக்கலை. அடுத்த வருஷம் அனுமதி வந்ததும் இவங்களையே முதல்ல சேக்கணும்ல, அதுக்காக வச்சிருக்காங்க. இந்த வருஷம் பாருங்க, தூணுக்கு மேல தளம் போட்டாச்சு. நானே கண்ணால பாத்தேன். ஹேமாவுக்கு அந்தப் பிரச்சினை வராது.

மோனிஷா இப்ப ஷூ கம்பெனிக்குப் போகுது. கம்பெனி பஸ் நம்ம ரோட்டுலதான் நிக்கும். அடிப்பாகத்துக்குப் பசை தடவுற வேலையாம், நாள் பூரா நின்னுக்கிட்டே. கையைப் பாத்தீங்கன்னா தோலு உரிஞ்சு உரிஞ்சு இருக்கும். அங்கயும் நல்ல பேரு. அதான் சொல்றேன், நல்ல பிள்ளைங்க எங்க போனாலும் நல்ல பேரு எடுத்துடும். போன வாரம் பஸ்ஸுக்கு நின்னப்ப நானே போய்ப் பேசினேன். சிரிச்சுது. “யஷ்வந்தை வேற பள்ளிக்கூடத்துல சேக்கிறதா இருந்தா இப்பவே சேத்துடுங்க அண்ணி, பெரியவனா ஆனா விட மாட்டாங்க”ன்னுச்சு. “ஏன்டி மாத்தணும், நல்லாத்தானே இருக்கான்”னேன். பஸ் வந்துடுச்சு. எம் பையன் மேல எவ்வளவு அக்கறை பாருங்க.

பச்சையப்பன் மாமாதான் மாறிப் போயிட்டாரு. வாராவாரம் காலேஜ் கேட்டுக்குப் போய் நிக்கிறாரு. இப்பக் கேக்குறாரு அக்கா. வாட்ச்மேன்கிட்டக் கேக்குறாரு, வேன் டிரைவர்கிட்டக் கேக்குறாரு, உள்ள போற வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம், “எம் பொண்ணு சர்டிபிகேட்டைக் குடுக்கச் சொல்லுங்கய்யா”ன்னு கேக்குறாரு. உள்ள விட மாட்டேங்கறாங்க. பிள்ளையாரு கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காரு, இவரு இந்தப் பக்கம் நிக்கிறாரு. கேக்க வேண்டிய நேரத்துல கேக்காம இப்பக் கேட்டு என்ன பண்றது? நான் வேன்ல போறப்ப பாத்தா முகத்தைத் திருப்பிக்குவேன். மனசு கேக்காது.

இதுக்கு கற்பகம் அத்தை என்ன பண்ணாங்க தெரியுமா? ரேஷன் கடை வரிசையில, அத்தனை பேரு முன்னாடி, கீழ குனிஞ்சு மண்ணை வாரி என் மேல தூத்துனாங்க. “என் பொண்ணு தலையில போட்ட மண்ணுடி இது, உன் பிள்ளை தலையிலயும் விழும்”னு. என் இடுப்புல யஷ்வந்த். அவன் கண்ணுல விழுந்து கத்துறான். நான் அவன் கண்ணைத் தொடைச்சு விட்டேன் அக்கா. சர்க்கரையை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். நான் என்ன தப்புப் பண்ணேன்? வழி தெரியாத பிள்ளைக்கு வழி காட்டினேன். தட்டு எடுத்துக் குடுத்தேன். குடுத்தவரு அவரு, வாங்கினவங்க அவங்க. நடுவுல நின்னவ மேல மண்ணு.

என்னக்கா, மோரைக் குடிக்கவே இல்லையே. ஏன் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு... அழாதீங்க. ஹேமா என்ன சொல்லுச்சு? கவுன்சிலிங்குக்குப் பதிஞ்சிருக்கா? மோனிஷாவைப் போய்ப் பாத்துதா? எப்ப? அதான் சங்கதியா. ரெண்டும் உக்காந்து பேசியிருக்குங்க.

இருங்க, இருங்க. நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? என் கையில இல்லையே அக்கா. காலையில யஷ்வந்தைக் கூட்டிட்டுப் போக வேன் வந்துச்சில்ல, அதுலயே போயிடுச்சு. அவன் ஸ்கூல் பைக்குள்ள வச்சுத்தான் அனுப்புவேன், டிபன் பாக்ஸுக்கு அடியில. அங்க ஆபீஸ் பையன் வந்து எடுத்துக்குவான். கசங்காமப் போயிடும்.

உக்காருங்க அக்கா. என் கையை விடுங்க, வளையல் உடையுது. நான் சொல்றதைக் கேளுங்க.

நான் சொல்றேன். யாருகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்ல மாட்டீங்கதானே?

இன்னைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னாடி வைக்கிற வரைக்கும் அந்தக் கவரு மேனேஜர் சார் மேசையில இடது பக்க டிராயர்லதான் கிடக்கும். பூஜை ஆனப்புறம்தான் பீரோவுக்குப் போகும். பீரோவுக்குள்ள போனது எதுவும் திரும்பி வந்து நான் பாத்ததில்லை. அதனால இப்பவே கிளம்புங்க. அண்ணனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. வெள்ளிக்கிழமையும் அவரை அந்தப் பக்கம் விடாதீங்க, காய்ச்சல்னு படுக்கப் போடுங்க, ஆட்டோ சாவியை ஒளிச்சு வைங்க, என்னமோ பண்ணுங்க. அவரு போனா நேரா கோயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நீங்க போங்க. நீங்கதான் தட்டையே தொடலையே. நீங்க யாருக்கும் எதுவும் குடுக்கலை. டீ குடுப்பாரு, குடிக்காதீங்க. கோயிலுக்கு வாங்கன்னு கூப்பிடுவாரு, நான் வீட்டுக்கு விலக்குன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல அவரு கூப்பிட மாட்டாரு. டிராயர் பக்கத்துலயே நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சத்தமாக் கேளுங்க. சேர்க்கைக்கு வந்தவங்க வெளிய உக்காந்திருப்பாங்க, அவங்க காதுல விழுற மாதிரி. குடுத்துடுவாரு. அழுதா குடுக்க மாட்டாரு, கத்துனா குடுத்துடுவாரு.

மெயின் ரோட்டுல பன்னெண்டு மணி பஸ் இருக்கு, இறங்குனா எதிர்லயே கேட்டு. வாட்ச்மேன் கேட்டா ஃபீஸ் கட்ட வந்தேன்னு சொல்லுங்க, உள்ள விட்டுடுவான். கேட்டுல மாமா நின்னாலும் நின்னுடாதீங்க, நேரா உள்ள போயிடுங்க.

அக்கா, ஒண்ணே ஒண்ணு. ஆபீஸுக்குப் போற வழியிலதான் யூ.கே.ஜி. கிளாஸ். அந்த நேரத்துக்குப் பிள்ளைங்களை வெளிய விட்டிருப்பாங்க. யஷ்வந்த் உங்களைக் கண்டா பெரியம்மான்னு கத்திக்கிட்டு ஓடி வருவான், முந்தானையைப் பிடிச்சு இழுப்பான். அங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, நான் சொல்லிக் குடுத்துத்தான் வந்தீங்கன்னு தெரிஞ்சுடும். அவன் கூப்பிட்டா யாரோ எவரோன்னு போயிடுங்க அக்கா. திரும்பிக்கூடப் பாக்காதீங்க.